அத்தியாயம் 4: ட்ரம்பெட்டையும் மவுத்பீஸையும் ஊதிப் பார்த்துத் தேர்வது

மலையகப் பாடசாலைக்கு ட்ரம்பெட் வாங்கும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பழைய மாணவர் சங்கமோ வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரோ பணம் தருவார். அதிபரும் பேண்ட் மாஸ்டரும் கொழும்புக்குப் போவார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நாலு சுரம் ஊதிக் காட்டுவார். பளபளப்பும் விலையும் பிடித்துப்போனால் அன்று மாலையே பெட்டி ஹட்டன் பஸ் ஏறிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒத்திகை தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியும். புது ட்ரம்பெட் பழையவற்றோடு சுருதி சேராது. ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளினாலும் தாழ்ந்தே நிற்கும். பிள்ளைக்குப் பயிற்சி போதாது என்று எல்லோரும் முடிவுகட்டி விடுவார்கள்.

அந்தத் தவறான வாங்கலைத் தவிர்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம். மூன்று விதிகளை மனதில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட வேண்டும். வாத்தியம் எந்தக் குளிரில் ஊதப்படுமோ அந்தக் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். தீர்ப்பை ஊதுகிறவர் சொல்லக்கூடாது, தூரத்தில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

ஒலி எங்கே உருவாகிறது

ட்ரம்பெட்டில் அதிர்வது உதடு. உதட்டுக்கு உட்கார இடம் கொடுப்பது மவுத்பீஸ். அந்த அதிர்வை ஒரு சுருதியில் நிறுத்திப் பெரிதாக்குவது குழலுக்குள் இருக்கும் காற்று. நம் பாடசாலைகளில் புழங்கும் பி ஃப்ளாட் ட்ரம்பெட்டின் குழலை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 1.48 மீட்டர் வரும். வால்வை அமுக்கும்போது கூடுதல் குழாய் சேர்ந்து நீளம் கூடுகிறது, சுருதி இறங்குகிறது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வாசிக்கும் நாதஸ்வரக்காரரைப் பார்த்திருப்பீர்கள். குழலிலிருந்து நூலில் கட்டிய சீவாளிகள் சில தொங்கும். ஒன்றை வைத்து ஊதிப் பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் அடுத்ததை வைப்பார். குழல் அதேதான், நாதம் வேறாகிவிடும். மவுத்பீஸ் மாறினாலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. சீவாளி தானே அதிரும், மவுத்பீஸ் அதிராது, அதுதான் வித்தியாசம். அதனால் மவுத்பீஸை உதட்டுக்குப் பொருத்தமாகத் தேர வேண்டும். ஒரு மாணவருக்கு நன்றாகப் பேசும் மவுத்பீஸ் பக்கத்தில் நிற்பவருக்கு ஊமையாகிவிடலாம்.

மவுத்பீஸின் பகுதிகள்

கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒலியை மாற்றும் பகுதிகள் ஐந்து.

1. விளிம்பு: உதடு பதியும் வட்டம். அகலமானது மெத்தென்று இருக்கும், நெடுநேரம் ஊதலாம். மெல்லியது உதட்டுக்கு அதிக அசைவு தரும், ஆனால் சீக்கிரம் வலிக்கும். உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் சுரத்தின் தொடக்கம் துல்லியமாகக் கேட்கும்.

2. கிண்ணம்: விளிம்புக்குக் கீழுள்ள குழி. ஆழம் கூடினால் ஒலி இருண்டு கனக்கும். ஆழம் குறைந்தால் ஒலி பளிச்சென்று கூர்மையாகும், மேல் சுரங்கள் சற்று எளிதாக வரும், கீழ்ச் சுரங்கள் மெலியும்.

3. தொண்டை: கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு துளை. வழக்கமாக 3.65 மி.மீ. அளவில் இருக்கும். பெரிதானால் காற்று நிறையப் போகும், ஒலி பெருகும், பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.

4. பின்துளை: தொண்டையிலிருந்து விரிந்து போகும் உட்பாதை. இறுக்கமாக இருந்தால் ஒலி ஒடுங்கித் தெறிக்கும், விரிவாக இருந்தால் பரவும்.

5. தண்டு: ட்ரம்பெட்டுக்குள் செருகப்படும் பகுதி. இதில் பொருத்தம் தப்பினால் மற்ற நான்கும் சரியாக இருந்தும் பயனில்லை. மெல்லத் திருகி வைத்தால் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை உள்ளே போய் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினாலும், கொஞ்சமே போய் நின்றாலும் வேண்டாம். கோர்னெட்டின் தண்டு மெலிந்தது, ட்ரம்பெட்டுக்கு அது சேராது. பாடசாலை அலுமாரியில் இரண்டும் கலந்து கிடப்பதால் முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள்.

எண்ணும் எழுத்தும்

மவுத்பீஸில் பொறித்த எண்ணைக் கடைக்காரர்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது பாக் முறை. ஆஸ்திரியாவில் பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய ட்ரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக், 1918ல் மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். ட்ரம்பெட் செய்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அவர் முறையில் எண் பெரிதாகப் பெரிதாக உள்வட்டம் சிறிதாகும். எழுத்து ஆழத்தைச் சொல்லும்: ஏ மிக ஆழம், சி நடுத்தரம், ஈ மிக மேலோட்டம். 7சி என்றால் உள்விட்டம் 16.20 மி.மீ., நடுத்தர ஆழம். 3சி 16.30 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் உதடு அதைக் கண்டுபிடித்துவிடும்.

யமஹா முறை இதற்கு நேர் எதிர். எண் பெரிதானால் உள்வட்டமும் பெரிதாகும், ஏ மேலோட்டம், ஈ ஆழம். யமஹா மாணவர் ட்ரம்பெட்டோடு வருவது 11பி4. பாக் முறைப்படி படிக்கிறவர் 11 என்பதைப் பார்த்து இது 7சியைவிடச் சிறியது என்று நினைத்துக்கொள்வார், உண்மையில் அது அப்படியில்லை. வேறு வேறு கம்பெனி எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள், தெரியாவிட்டால் உதட்டில் வைத்துப் பாருங்கள்.

தொடங்கும் பிள்ளைகளுக்கு 7சி, 5சி, 11பி4 இந்த மூன்றில் ஒன்று போதும். ஓரிரு ஆண்டு ஊதி உதடு பலப்பட்டவருக்கு 3சி கொடுத்துப் பாருங்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் பப்பரே ஊதுகிறவர்கள் மேலோட்டமான கிண்ணத்தை விரும்புவார்கள், சத்தம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். அதே மவுத்பீஸில் தேசிய கீதத்தையோ தேவாலயப் பாடலையோ ஊதினால் ஒலி மெலிந்து கீச்சிடும். அதனால் குழு எதை அதிகம் வாசிக்கும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

கடையில் கிடைக்கும் ட்ரம்பெட்டுகள்

மூன்று வகையைப் பார்ப்பீர்கள். முதலாவது இந்தியத் தயாரிப்பு. உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் கல்யாண பேண்டுக்கும் இராணுவ பேண்டுக்கும் வாத்தியம் செய்து பழகிய ஊர். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885லேயே தொடங்கிவிட்டது. இரண்டாவது, பெயர் மாறி மாறி வரும் மலிவான சீனத் தயாரிப்பு. மூன்றாவது, யமஹா போன்ற கம்பெனிகளின் மாணவர் மாதிரிகள். இவை புதிதாகவும் பழையதாகவும் கிடைக்கும்.

எந்த வகையானாலும் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். யமஹாவின் மாணவர் மாதிரியான 2330ன் குழல் உள்விட்டம் 11.65 மி.மீ. தொழில்முறைக் கலைஞர்கள் கையில் இருக்கும் பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 37ன் உள்விட்டமும் ஏறக்குறைய அதேதான். விலை பல மடங்கு வேறு. அந்த வித்தியாசம் வால்வுகள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றன, மவுத்பீஸ் செருகும் முன்குழாய் எப்படி விரிகிறது, பெல் எந்தத் தகட்டில் எப்படி அடிக்கப்பட்டது என்பவற்றில் இருக்கிறது. தங்க நிற லக்கரா, வெள்ளி முலாமா என்பதில் ஒலிக்காகக் காசு செலவழிக்காதீர்கள். திரைக்குப் பின்னால் ஊதினால் கேட்பவர் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

வாங்குமுன் வால்வைச் சோதிக்க எளிய வழி உண்டு. வால்வை அமுக்காமல் முதல் ஸ்லைடை மெல்ல வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து வால்வை அமுக்குங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்றுக் கசியவில்லை. சத்தமே வராவிட்டால் வால்வு தேய்ந்திருக்கிறது, அந்த வாத்தியத்தின் ஒலியைப் பற்றிப் பேசுவதே வீண். பிறகு மூன்றாவது ஸ்லைட் விரலால் இலேசாக நகர்கிறதா பாருங்கள். முதலாம், மூன்றாம் வால்வுகளை அமுக்கி ஊதும் கீழ் டி, மூன்றையும் அமுக்கி ஊதும் கீழ் சி ஷார்ப் இரண்டும் எல்லா ட்ரம்பெட்டிலும் உயர்ந்தே ஒலிக்கும். அந்த ஸ்லைடை வெளியே தள்ளித்தான் சரிக்கட்ட வேண்டும். ஸ்லைட் இறுகிக் கிடந்தால் அந்த இரண்டு சுரமும் எப்போதும் தப்பாகவே இருக்கும்.

குளிரின் கணக்கு

இந்த அத்தியாயத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர், 12 பாகையில் சுமார் 339 மீட்டர். வேகம் குறைந்தால் குழலின் சுருதியும் இறங்கும். பாகைக்கு ஏறக்குறைய 3 சென்ட், அதாவது அரைச் சுரத்தின் நூறில் மூன்று பங்கு. கொழும்புக் கடையிலிருந்து நுவரெலியா மைதானத்தின் விடிகாலைக்கு வந்தால் கணக்குப்படி அரைச் சுரத்தில் பாதி இறங்கிவிட வேண்டும். ஊதும் மூச்சின் சூடு குழலை வெதுவெதுப்பாக்குவதால் உண்மையில் அவ்வளவு இறங்காது. ஆனால் காதுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு இறங்கும். அணிவகுப்பில் காத்து நின்று, ஊதாமல் ஐந்து நிமிடம் போனால் மறுபடி குளிர்ந்து இறங்கும்.

உயரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். அழுத்தம் குறைந்ததால் சுருதி மாறாது, மாற்றுவது வெப்பநிலைதான்.

இனி இதைக் கடையில் எப்படிப் பயன்படுத்துவது? சுருதி ஸ்லைடை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் குழலில் இரண்டு மில்லிமீட்டர் மாறும், சுருதி இரண்டு சென்டுக்குச் சற்று மேலே நகரும். கொழும்பின் வெக்கையில், கைப்பேசியில் ட்யூனரை ஏ 440க்கு வைத்து ஊதுங்கள். சுருதி சேரும்போது ஸ்லைட் குறைந்தது 15 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் குளிர்காலையில் நீங்கள் உள்ளே தள்ளப்போகும் இருப்பு. கடையிலேயே ஸ்லைடை முழுக்கத் தள்ளினால்தான் சுருதி சேருகிறது என்றால் அந்த ட்ரம்பெட் மலைக்கு உதவாது. எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் முதலாம் திகதி நுவரெலியா வசந்த காலத்தைத் தொடங்கிவைக்கும் பேண்ட் அணிவகுப்புக்குப் போகும் குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் நிழலில் சுருதி சேர்த்துவிட்டு, உச்சி வெயிலில் ஊதினால் எல்லா ட்ரம்பெட்டும் ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் ஏறியிருப்பதுதான் பிரச்சினை. நடைக்குச் சற்றுமுன் மறுபடி சுருதி சேருங்கள்.

மைதானச் சோதனை

கடையில் எடுத்த முடிவைப் பாடசாலையில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு ட்ரம்பெட், இரண்டு மவுத்பீஸ், நன்றாக ஊதும் ஒரு மாணவர், கேட்பதற்கு மூன்று பேர் போதும்.

1. முதலில் இரண்டு ட்ரம்பெட்டுகளையும் ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றுங்கள். ஒன்று சூடாகவும் மற்றது பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடும் இருந்தால் ஒப்பீடு செல்லாது. மவுத்பீஸை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து கொடுங்கள். பனிக்காலையில் குளிர்ந்த உலோகம் பட்டால் உதடு விறைத்துவிடும், அந்தக் குறையை மவுத்பீஸின் தலையில் போட்டுவிடுவோம்.

2. கேட்கும் மூவரும் மைதானத்தின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டி நிற்கட்டும். எது ஊதப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது.

3. முதல் சுற்றில் மவுத்பீஸை மாற்றாமல் ட்ரம்பெட்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் சுற்றில் ட்ரம்பெட்டை மாற்றாமல் மவுத்பீஸை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று சொல்ல முடியாது.

4. ஒவ்வொரு முறையும் ஊத வேண்டியவை: நடு ஜியில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு நீண்ட சுரம், மெலிதாகத் தொடங்கி உரத்து மறுபடி மெலிய வேண்டும். கீழ் சியிலிருந்து மேல் சி வரை ஏறி இறங்கும் வரிசை. குழு வழக்கமாக வாசிக்கும் நடைப் பாட்டில் எட்டு பார் (bar).

5. கேட்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் எழுதட்டும். 'நல்லது', 'பரவாயில்லை' என்று எழுத வேண்டாம். எந்தச் சுரம் தெளிவாக வந்தது, எது மங்கியது, எது உயர்ந்தது அல்லது தாழ்ந்தது என்று எழுதட்டும்.

6. வரிசையை மாற்றி மறுபடி செய்யுங்கள். முதல் முறை ‘இரண்டாவதுதான் நல்லது’ என்றவர், வரிசை மாறிய பின்னும் அதே வாத்தியத்தைத் தேர்ந்தால் அந்தக் கருத்தை நம்பலாம்.

எல்லாச் சுற்றையும் ஒரே வேளையில் முடியுங்கள். விடிகாலையில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று அடியில் தங்கி, மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரட்டுக்கு அடித்த தப்பு எதிர்மலை லயம் வரை கேட்டது அதனால்தான். வெயில் ஏறிய பின் அதே சத்தம் பாதி தூரத்தில் கரைந்துவிடும். காலையில் ஒன்றையும் நண்பகலில் மற்றதையும் கேட்டால் காலை வாத்தியம்தான் வெல்லும்.

கைப்பேசியில் பதிவுசெய்வது நல்லதுதான், ஆனால் சுருதியையும் தெளிவையும் மட்டும் அதில் பாருங்கள். கைப்பேசி சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துவிடும். எது உரத்தது என்பதை நேரில் நின்ற காதுதான் சொல்ல வேண்டும்.

ஊதும் மாணவரின் கருத்தையும் கேளுங்கள், ஆனால் வேறு கேள்விக்கு. எதில் மூச்சு குறைவாகச் செலவானது, எதில் உதடு வலித்தது, எதில் மேல் ஜி பிடிவாதம் பிடித்தது என்று அவரிடம் கேட்க வேண்டும். ஒலி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பெல்லுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கேட்பதும் முன்னால் ஐம்பது மீட்டரில் கேட்பதும் ஒன்றல்ல. ஊதுபவருக்குக் கனமாகத் தோன்றும் ஒலி தூரத்தில் மங்கலாகவும், அவருக்குக் கூச்சலாகத் தோன்றுவது தூரத்தில் தெளிவாகவும் வரலாம்.

கேட்ட குறைக்குக் காரணம்

சோதனையில் எழுதிய குறிப்புகளைப் பார்த்துக் காரணத்தைத் தேடுங்கள்.

எல்லாச் சுரமும் தாழ்வு: ஸ்லைடில் இருப்புப் போதவில்லை, அல்லது வாத்தியம் சூடாகவில்லை.

மேல் சுரம் மட்டும் தாழ்வு: மாணவருக்குக் கிண்ணம் ஆழமாக இருக்கலாம். ஒரு படி மேலோட்டமான மவுத்பீஸைக் கொடுத்துப் பாருங்கள்.

கீழ்ச் சுரம் மெலிவு: கிண்ணம் மேலோட்டமாக இருக்கலாம்.

ஒலி எங்கும் மங்கல், எவ்வளவு ஊதினாலும் எழவில்லை: தண்டு பொருந்தவில்லை, அல்லது வால்வு கசிகிறது. குழலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் தக்கையையும் பாருங்கள். விரலால் அதை அழுத்திப் பிடித்து ஊதும்போது ஒலி தெளிந்தால், தக்கையை மாற்றினால் போதும்.

நடுவில் கொரகொரப்பு: தண்ணீர். குளிரில் மூச்சின் ஈரம் குழலுக்குள் விரைவாகத் துளியாகும். வாட்டர் கீயைத் திறந்து ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒத்திகையை நாலு நாலு பாட்டாகப் பிரித்து இதற்கு இடம் விடுங்கள்.

விரல் வேகத்துக்கு வால்வு வராமை: குளிரில் எண்ணெய் தடிக்கும். மெல்லிய வால்வு எண்ணெய் இடுங்கள். தையல் இயந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கூடாது.

இந்தப் பட்டியலில் உள்ள பலவற்றுக்குப் புது ட்ரம்பெட் தேவையில்லை. பழைய வாத்தியங்களையும் இதே சோதனைக்கு உட்படுத்தினால், 'உதவாது' என்று அலுமாரியில் போட்ட ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் ஆறு ட்ரம்பெட்டுக்கான பணம் இருந்தால் ஐந்தை வாங்குங்கள். மிச்சத்தில் ஆளுக்கொரு மவுத்பீஸ், வால்வு எண்ணெய், ஸ்லைட் கிறீஸ், மவுத்பீஸ் தூரிகை வாங்குங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரு ட்ரம்பெட்டைப் பகிரலாம், மவுத்பீஸைப் பகிரக்கூடாது. சுத்தம் ஒரு காரணம். உதடு ஒரே விளிம்பில் பழக வேண்டும் என்பது மற்றொன்று. சொந்தமாக மவுத்பீஸ் உள்ள பிள்ளை அதை லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் மட்டுமே ஊதிப் பயிலலாம், அக்கம்பக்கத்தார் ஒரு வாத்தியத்தின் சத்தத்துக்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ட்ரம்பெட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் அடுப்புப் புகை படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடக்கூடாது, துடைத்துக் காற்றாட விட வேண்டும்.

ஒலி பிடிக்கவில்லை என்றால் மாற்றும் வரிசை இது: முதலில் பயிற்சி, பிறகு பராமரிப்பு, பிறகு மவுத்பீஸ், கடைசியாக ட்ரம்பெட். மவுத்பீஸை மாற்றினால் குறைந்தது மூன்று வாரம் அதையே ஊதவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். புது விளிம்புக்கு உதடு பழகும்வரை நல்ல மவுத்பீஸும் கெட்டதாகவே தெரியும். ஒவ்வொரு சோதனையின் திகதி, வேளை, வெப்பநிலை, ட்ரம்பெட், மவுத்பீஸ், கேட்டவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் குழுவின் பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்து வரும் பேண்ட் மாஸ்டர் கொழும்புக்குப் போகும் நாளில் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.